துரை குளிக்கும் நேரம்

ஜேம்ஸ் மேசன் என்று பெயரைச் சொன்னால் பலருக்குச் சட்டென்று முகம் ஞாபகம் வராது. ஆனால் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் கேரி கிராண்ட்டைத் துரத்த ஆட்களை அனுப்பிவிட்டு, தான் மட்டும் கோட்டு கசங்காமல் நிற்பாரே, அந்த வில்லன். டிஸ்னியின் '20,000 லீக்ஸ் அண்டர் தி சீ' (1954) பார்த்தவர்களுக்கு அவர்தான் கேப்டன் நீமோ. முகத்தைவிடக் குரல்தான் ஆள். சத்தமே போடாமல் எதிரில் இருப்பவரை அவமானப்படுத்தக்கூடிய குரல் அது.

அந்தக் குரலை முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட படம் என்று நான் நினைப்பது '5 ஃபிங்கர்ஸ்'. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 1952-ல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் ஜோசஃப் மான்கிவிச். துப்பாக்கிச் சண்டை கிடையாது. பாராசூட், டாங்கி எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப்போரின் நடுவில், ஒரு வீட்டு வேலைக்காரர் தன் முதலாளியின் காகிதங்களைப் படம் பிடித்து விற்கிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும்.

கதை நிஜமாக நடந்தது. நடந்த கதைக்கும் எடுத்த படத்துக்கும் உள்ள தூரம்தான் என்னை ரொம்ப நாளாக நோண்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இது. படத்தின் முடிவையும் சொல்லப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

முதலில் நிஜம்.

1943. துருக்கி யார் பக்கமும் சேராத நாடு. உலகமே அடித்துக்கொண்டிருக்க, தலைநகர் அங்காராவில் பிரிட்டிஷ் தூதரகமும் ஜெர்மன் தூதரகமும் ஒரே ஊருக்குள் இயங்கிக்கொண்டிருந்தன. இரண்டு தரப்புக்கும் துருக்கி வேண்டும். ஜெர்மனிக்கு அங்கிருந்து குரோமியத் தாது போய்க்கொண்டிருந்தது, அது இல்லாமல் நல்ல எஃகு கிடையாது. சர்ச்சிலுக்கோ துருக்கியை எப்படியாவது போருக்குள் இழுத்துவிட வேண்டும். 1943 ஜனவரியில் அதானாவிலும் டிசம்பரில் கெய்ரோவிலும் துருக்கி அதிபர் இனோனுவைச் சந்தித்துப் பேசிப் பார்த்தார். இனோனு பிடி கொடுக்கவில்லை. முதல் உலகப்போரில் அவசரப்பட்டு ஜெர்மனியோடு சேர்ந்து சாம்ராஜ்யத்தையே தொலைத்த அனுபவம் அந்த நாட்டுக்கு இருந்தது.

அங்காராவில் பிரிட்டிஷ் தூதர் சர் ஹ்யூ நாட்ச்புல்-ஹ்யூகெஸன். (வாய்க்குள் நுழையாத பெயர். அவருடைய நண்பர்களுக்கே நுழையவில்லை போல, 'ஸ்னாட்ச்' என்றுதான் கூப்பிட்டார்கள்.) சாமானிய ஆள் இல்லை. 1937-ல் சீனாவில் தூதராக இருந்தபோது அவருடைய கார்மேல் ஜப்பானிய விமானம் சுட்டுப் படுகாயம் பட்டவர். பழைய காலத்துக் கனவான். ரகசியக் காகிதங்களை அலுவலகத்தில் வைத்துவிட்டு வராமல் வீட்டுக்கு எடுத்து வந்து இரவில் படிப்பார். சாவகாசமாகக் குளிப்பார். பியானோ வாசிப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் ரகசியப் பெட்டி, அதன் சாவி அவர் கைவசம். பாதுகாப்பு என்றால் அவருக்கு அது போதும்.

1943-ல் இந்த வீட்டுக்கு ஒரு புதுப் பணியாள் வந்து சேர்ந்தார். பெயர் எல்யேசா பாஸ்னா. 1904-ல் பிரிஷ்டினாவில் பிறந்தவர். அந்த ஊர் அப்போது உதுமானியப் பேரரசில் இருந்தது, இன்றைக்குக் கொசோவோ. டிரைவர், தூதரகச் சேவகர் என்று பல எடுபிடி வேலைகள் பார்த்து வந்தவர். வழுக்கை விழத் தொடங்கிய, கட்டைகுட்டையான ஆள். துரைக்குக் காலையில் உடை எடுத்து வைப்பது, கோட்டுக்குப் பிரஷ் போடுவது, குளியலுக்கு வெந்நீர் தயார் செய்வது, இதெல்லாம் அவர் வேலை.

இங்கே தமிழில் எழுதுபவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. தூதரை 'வந்தார்' என்று எழுதும் கை, வேலைக்காரரை 'வந்தான்' என்று தானாக எழுதப் போகிறது. இந்தக் கதையே அந்த விகுதியில்தான் இருக்கிறது என்பதால் இரண்டு பேருக்கும் 'ஆர்' போட்டே எழுதுகிறேன்.

துரை குளிக்கும் நேரத்தில் பாஸ்னா சாவிகளை மெழுகில் அழுத்தி அச்செடுத்தார். கள்ளச் சாவி செய்துகொண்டார். பிறகு துரை குளியலில் இருக்கும்போதும், இல்லாதபோதும் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்து, தன் அறைக்குக் கொண்டுபோய், ஒரு பல்பு வெளிச்சத்தில் லைக்கா காமிராவால் படம் பிடித்துவிட்டு, திரும்ப இருந்த இடத்தில் வைத்தார். பல சமயம் இஸ்திரி போட வேண்டிய துணிக்கு நடுவில் காகிதம் போய் வந்தது. வேலைக்காரர் கையில் துணி இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

1943 அக்டோபர் 26-ம் தேதி இரவு ஜெர்மன் தூதரக அதிகாரி ஜெங்கே வீட்டுக் கதவைத் தட்டினார். ஜெங்கேயின் மனைவி, ஹிட்லரின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பின் சகோதரி. பாஸ்னா ஒரு காலத்தில் அந்த வீட்டிலேயே வேலை பார்த்தவர்தான். ஜெங்கே அவரை மொய்ஸிஷ் என்பவரிடம் தள்ளிவிட்டார். மொய்ஸிஷ் வெளிப்பார்வைக்குத் தூதரக அதிகாரி, உள்ளே எஸ்.எஸ். உளவுத்துறையின் ஆள். பாஸ்னா சொன்ன விலை: இரண்டு ஃபிலிம் சுருளுக்கு 20,000 பவுண்டு. அன்றைய பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் வாரச் சம்பளம் சுமார் ஆறு பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுபது வருஷத்துக்கு மேல் உழைத்தால் வரும் பணம். அதை ஒரே ராத்திரியில் கேட்டார். பெர்லின் சம்மதித்தது.

சுருளைக் கழுவிப் பார்த்த மொய்ஸிஷுக்குத் தூக்கம் போயிற்று. அத்தனையும் அசல். ஜெர்மன் தூதர் ஃபான் பாப்பென், இந்தக் காகிதங்கள் இவ்வளவு பேசுகின்றனவே என்று, ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோவின் பெயரையே அந்த ஆளுக்குச் சங்கேதப் பெயராக வைத்தார். அடுத்த சில மாதங்கள் சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் கூடிப் பேசியதன் குறிப்புகள், துருக்கியை எப்படி இழுப்பது என்ற திட்டங்கள் எல்லாம் சுருள் சுருளாகப் பெர்லினுக்குப் போயின. ஒரு காகிதத்தில் 'ஓவர்லார்ட்' என்ற சொல்லும் இருந்தது. பிரான்ஸ் கடற்கரையில் 1944 ஜூன் 6-ல் நேச நாட்டுப் படைகள் இறங்கினவே, அதற்கு வைத்த பெயர். இடமும் தேதியும் அதில் இல்லை, பெயர் மட்டும்.

இத்தனையும் கையில் வந்து ஜெர்மனி என்ன செய்தது? ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. ரிப்பன்ட்ராப் நம்பவில்லை. இவ்வளவு சுலபமாக இவ்வளவு நல்ல சரக்கு கிடைக்குமா, பிரிட்டிஷ்காரன் வைத்த பொறியாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். மொய்ஸிஷ் இவருடைய ஆள் இல்லை, எஸ்.எஸ். தலைமையின் ஆள் என்பது இன்னொரு எரிச்சல். ஒரே சாம்ராஜ்யத்துக்குள் இரண்டு டிபார்ட்மென்ட்டுகள், ஒன்றின் வெற்றியை இன்னொன்று ஒத்துக்கொள்ளாது. பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாப்பென் மட்டும் அங்காரா அளவில் அதைப் பயன்படுத்தித் துருக்கியரை மிரட்டினார். அதிலும் கொஞ்சம் அதிகமாகவே வாய்விட்டுவிட்டார். துருக்கி வெளியுறவு அமைச்சர் நேராகப் பிரிட்டிஷ் தூதரிடம், 'பாப்பெனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே' என்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

இன்னொரு பக்கமும் கசிந்தது. பெர்லின் வெளியுறவு அலுவலகத்தில் ஃபிரிட்ஸ் கோல்பே என்று ஒருவர். ஹிட்லரை வெறுத்தவர். காசு வாங்காமல், தன் அலுவலக ரகசியங்களை ஸ்விட்சர்லாந்திலிருந்த அமெரிக்க உளவு அதிகாரி ஆலன் டல்லஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்காராவில் 'சிசரோ' என்று ஒருவர் இருக்கிறார் என்ற தகவல் அந்த வழியாக லண்டனுக்குப் போனது. லண்டனிலிருந்து ஆட்கள் வந்து தூதரகத்தைக் குடைந்தார்கள். பாஸ்னாவையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு இங்கிலீஷும் தெரியாது, இவ்வளவுக்கு மூளையும் கிடையாது என்று விட்டுவிட்டார்கள்!

எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். பாஸ்னா துரையிடம் பேசியது பிரெஞ்சில். இங்கிலீஷ் அரைகுறை. 'பட்லர் இங்கிலீஷ்' என்ற சொல்லே நம் மெட்ராஸ் ராஜதானியில் துரை வீட்டு பட்லர்கள் பேசியதைக் கேலி செய்யப் பிறந்தது. நாமும் அதைச் சொல்லிச் சிரித்து வளர்ந்தவர்கள்தான். அந்த பட்லர் பேசிய பாஷை உடைந்தது என்பதால் அவர் காதும் உடைந்தது என்று துரைகள் நினைத்துக்கொண்டார்கள். அங்காராவில் நடந்ததும் அதே.

துரைகளை மட்டும் சொல்வானேன். இங்கே புனேயில், தமிழ் வீடுகளில் தினம் பார்க்கிறேன். காலையில் பாத்திரம் துலக்க மாவ்ஷி வந்து நிற்பார். அவர் எதிரிலேயே சம்பள உயர்வு எவ்வளவு, நகை எந்த பீரோவில், யார் வீட்டில் யாருக்குச் சண்டை என்று எல்லாம் தமிழில் ஓடும். அவருக்குத்தான் தமிழ் தெரியாதே! பத்து வருஷமாக நாலு தமிழ் வீட்டில் வேலை செய்கிற பெண்மணிக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. போன தீபாவளிக்கு எங்கள் மாடியில் ஒரு மாமி 'உப்பு எங்கே வெச்சேன்' என்று தனக்குத்தானே முனக, மாவ்ஷி உப்பு ஜாடியை எடுத்து நீட்டினாராம். மாமிக்கு அன்று முழுக்க முகமே சரியில்லை. பத்து வருஷம் பேசியதையெல்லாம் ரீவைண்ட் பண்ணிப் பார்த்திருப்பார்.

சரி, படத்துக்கு வருவோம்.

மொய்ஸிஷ் 1950-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். பிரிட்டனில் ரகளையாகிவிட்டது. நாடாளுமன்றத்தில் கேள்வி வந்து, வெளியுறவு அமைச்சர் பெவின் 1950 அக்டோபரில், ஆமாம், தூதரின் பணியாள் காகிதங்களைப் படம் பிடித்தது உண்மைதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. படம் அந்த நாடாளுமன்றக் காட்சியோடுதான் தொடங்குகிறது. ஃபாக்ஸ் கம்பெனி அந்தப் புத்தகத்தை வாங்கி, அங்காராவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் நேரில் போய் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தது.

நாயகனுக்கு மேசன். இங்கேதான் நிஜம் திசை மாறுகிறது. படத்தில் பணியாளின் பெயர் யுலிஸஸ் டியெல்லோ. வீட்டில் எல்லாரையும்விட அழகாக இங்கிலீஷ் பேசுகிறான். தூதரைவிட நன்றாக உடுத்தத் தெரியும். தூதரைவிட அரசியல் தெரியும். சின்ன வயதில் கப்பலில் எடுபிடியாக இருந்தபோது ரியோ துறைமுகத்தில், மேலே ஒரு மாளிகை மாடியில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்ற ஒரு பணக்காரனைப் பார்த்திருக்கிறான். ஒருநாள் அந்த மாடியில் தான் நிற்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். கூடவே ஒரு போலந்துக் கோமகள், அன்னா ஸ்டாவிஸ்கா. டானியெல் டாரியு நடித்தது. டியெல்லோ ஒரு காலத்தில் அவள் கணவனிடம் வேலை பார்த்தவன். இப்போது அவள் கையில் காசில்லை, இவன் கையில் காசு புரள்கிறது. இருவரும் பேசும் காட்சிகள் கத்திச்சண்டை மாதிரி. காதலா, வியாபாரமா, பழைய எஜமானியம்மாவை ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறியா, பிரித்துச் சொல்ல முடியாது.

அன்னா முழுக்கக் கற்பனை. டியெல்லோவின் மிடுக்கும் கற்பனை. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது புரிகிறது. கட்டைகுட்டையான, யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் ஆளை இரண்டு மணி நேரம் திரையில் எப்படிக் காட்டுவது? சினிமாவுக்கு நட்சத்திரம் வேண்டும். ஆனால் இவ்வளவு புத்திசாலியாக, இவ்வளவு கம்பீரமாக ஒரு வேலைக்காரன் நிஜத்தில் இருந்திருந்தால் முதல் வாரமே சந்தேகப்பட்டிருப்பார்கள். பாஸ்னாவின் ஒரே ஆயுதம், அவர் யாருமில்லை என்பது. படம் முதல் வேலையாக அந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது.

படத்துக்கு இது தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் படத்தின் ஆகச் சிறந்த காட்சியில் அந்த உண்மையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். தூதரின் இரும்புப் பெட்டிக்குப் புதிதாக அலாரம் வைத்துவிடுகிறார்கள். டியெல்லோ சத்தமில்லாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து ஓவர்லார்ட் காகிதத்தைப் படம் பிடிக்கிறான். அதே நேரம், வீடு பெருக்கும் அம்மா வாக்குவம் கிளீனரைச் சொருகுகிறாள். ஓடவில்லை. ஃபியூஸ் போயிருக்கிறது போல என்று போய், ஃபியூஸை மாட்டிவிடுகிறாள். அவ்வளவுதான், அலாரம் வீடே அலறுகிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய மூளைகளை ஏமாற்றியவன், தன்னோடு அதே வீட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. துரைமார் இவனைப் பார்க்கவில்லை, இவன் அவளைப் பார்க்கவில்லை. யாரும் இதை வசனமாகச் சொல்வதில்லை. மான்கிவிச் வசனத்துக்குப் பேர்போனவர், இங்கே வாயை மூடிக்கொண்டது பெரிய விஷயம்.

மேசனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1909-ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை படித்துவிட்டு நடிக்கப் போனவர். இரண்டாம் உலகப்போர் வந்தபோது, மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று பதிவு செய்தார். தீர்ப்பாயம், சரி, சண்டை போட வேண்டாம், ஆனால் போருக்கு வேறு உதவி வேலை செய் என்றது. அதையும் மாட்டேன் என்று மேல்முறையீட்டுக்குப் போனார். சினிமா வேலைக்கே விலக்கு உண்டு என்பதால் கடைசியில் அந்த வழக்கு தேவையில்லாமல் போயிற்று. ஆனால் வீட்டில் அது தேவையில்லாமல் போகவில்லை. குடும்பம் அவரோடு பேச்சை முறித்துக்கொண்டது, பல வருஷங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாடு குண்டு வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் 'தி மேன் இன் கிரே' (1943), 'தி செவன்த் வெயில்' (1945) என்று அவர் பிரிட்டனின் முதல் வரிசை நட்சத்திரமானார். போர் முடிந்து ஹாலிவுட் போனதும் கிடைத்த பெரிய வேடங்கள் என்ன? 1951-ல் 'தி டெஸர்ட் ஃபாக்ஸ்' படத்தில் ஜெர்மன் தளபதி ரோமெல். ரோமெலை இவ்வளவு நல்லவராகக் காட்டலாமா என்று எதிர்ப்பு வேறு கிளம்பியது. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் ரகசியத்தை ஜெர்மனிக்கு விற்கும் டியெல்லோ. சண்டைக்குப் போகாதவரைத் தேடிப் போய் எதிரிப் பக்கத்து வேடமாகக் கொடுத்திருக்கிறார்கள். இது திட்டமிட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கொடிக்கும் சொந்தமில்லாத, எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற அந்த டியெல்லோவின் கண்ணில் நடிப்பு மட்டும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும்தான் இருந்தது. மேசன் வாழ்நாளில் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறையும் வாங்காமல், 1984-ல் ஸ்விட்சர்லாந்தில் காலமானார்.

திரைக்கதை எழுதிய மைக்கேல் வில்சனின் கதை இன்னொரு கிளை. 1951 செப்டம்பரில், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தபோது, விசாரணைக் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்தார். அதோடு பெயர் கறுப்புப் பட்டியலில். 1952 பிப்ரவரியில் '5 ஃபிங்கர்ஸ்' வெளியாகிறது, மார்ச்சில் வேறொரு படத்துக்காக ஆஸ்கர் வாங்குகிறார், அப்புறம் ஹாலிவுட்டில் அவர் பெயரைத் திரையில் போட ஆளில்லை. ஆனால் எழுதிக்கொண்டேதான் இருந்தார், பெயரில்லாமல். அப்படி அவரும் கார்ல் ஃபோர்மனும் எழுதியதுதான் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957). திரைக்கதை ஆஸ்கரை மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்குக் கொடுத்தார்கள். வில்சன் 1978-ல் இறந்து, 1984-ல்தான் அகாடமி அந்த விருதை அவர் பெயருக்கு மாற்றியது.

'குவாய்' படத்தை எடுத்தது இலங்கையில், கிதுல்கல ஆற்றோரம். கதை நடப்பது சயாம்-பர்மா ரயில் பாதையில். அந்தப் பாதையைப் போடப் பிரிட்டிஷ் போர்க்கைதிகளைவிட அதிகமாக ஆசியத் தொழிலாளிகளைத்தான் ஜப்பானியர் கொண்டுபோனார்கள். அதில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். படத்தில் ஒரு பிரிட்டிஷ் கர்னலின் கௌரவப் பிரச்சினை இருக்கிறது, அவர்கள் இல்லை. தன் பெயரையே அழித்துவிட்ட ஊருக்காக எழுதியவரின் படத்திலும் அப்படித்தான். மலேசியாவில் உறவுள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'சயாம் மரண ரயில்' என்று கேட்டுப் பாருங்கள்.

இனி அந்தப் பணம். படத்தின் முடிவில் அன்னா டியெல்லோவின் பணத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஸ்விட்சர்லாந்துக்கு ஓடிவிடுகிறாள். போகிற போக்கில் இரண்டு தரப்புக்கும் கடிதம் எழுதிவிட்டுப் போகிறாள். அதனால் ஓவர்லார்ட் காகிதம் கையில் கிடைத்தும் ஜெர்மன்காரர்கள் அதைக் குப்பையில் போடுகிறார்கள். டியெல்லோ எப்படியோ அந்தக் கடைசிச் சுருளை விற்ற பணத்தோடு ரியோ போய்ச் சேர்கிறான். அதே மாடி, அதே வெள்ளைக் கோட்டு. அங்கே வந்து சொல்கிறார்கள்: உன் பவுண்டு நோட்டெல்லாம் கள்ள நோட்டு. ஸ்விட்சர்லாந்திலும் இதே நோட்டுகள் வெளிவந்திருக்கின்றன. அன்னாவும் மாட்டினாள் என்று புரிந்ததும் டியெல்லோ சிரிக்கிறான். நோட்டுகளை மாடியிலிருந்து காற்றில் பறக்க விட்டுக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

கள்ள நோட்டு கற்பனையில்லை. பாஸ்னாவுக்கு ஜெர்மனி கொடுத்தது மொத்தம் சுமார் 3 லட்சம் பவுண்டு. அதில் பெரும்பகுதி போலி. ஆனால் அந்தப் போலிகள் எங்கே அச்சாயின என்பதைப் படம் சொல்லவில்லை.

பெர்லினுக்குப் பக்கத்தில் சாக்ஸன்ஹாவுசன் வதைமுகாம். அதில் 18, 19 எண் கொட்டடிகளை முள்வேலி போட்டுத் தனியாகப் பிரித்து, எஸ்.எஸ். அதிகாரி பெர்ன்ஹார்ட் க்ரூகர் ஒரு அச்சகம் வைத்தார். வேலை செய்தது சுமார் 140 யூதக் கைதிகள். அச்சுக் கோப்பவர்கள், ஓவியர்கள், வங்கி ஊழியர்கள். முகாம் முகாமாகத் தேடிப் பொறுக்கி எடுத்தவர்கள். காகிதம், நீர்க்குறி, எண் வரிசை எல்லாம் அசலை உரித்து வைத்தது போல வர வேண்டும். புது நோட்டு சந்தேகம் வரும் என்று கையால் கசக்கி அழுக்காக்கினார்கள். சுமார் 13 கோடி பவுண்டு மதிப்புக்கு அடித்தார்கள். இங்கிலாந்து வங்கி பயந்துபோய் 1943-லேயே பத்து பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டது.

அந்தக் கைதிகளுக்கு மற்றவர்களைவிட நல்ல சாப்பாடு, படுக்கை, பிங்பாங் மேஜைகூட இருந்தது. ஆனால் இந்த ரகசியம் தெரிந்தவர்களை உயிரோடு விட மாட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். நோய் முற்றியவர்கள் சிலரைக் கொன்றும் விட்டார்கள். வேலை முடிந்தால் சாவு, வேலை கெட்டாலும் சாவு. நோட்டு நன்றாக வந்தால் ஹிட்லருக்கு லாபம், மோசமாக வந்தால் தன் உயிர் நஷ்டம். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல். கடைசியில் 1945 மே மாதம் ஆஸ்திரியாவின் எபென்ஸே முகாமில் அமெரிக்கப் படை வந்து அவர்களை மீட்டது. அவர்களில் ஒருவரான அடால்ஃப் பர்கர் எழுதிய நினைவுகளை வைத்து எடுத்த 'தி கவுன்டர்ஃபீட்டர்ஸ்' (2007) ஆஸ்கர் வாங்கியது. '5 ஃபிங்கர்ஸ்' பார்த்த கையோடு அதையும் பார்த்தால் டியெல்லோவின் சிரிப்பு வேறு மாதிரிக் கேட்கும்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944 ஏப்ரலில் மொய்ஸிஷின் செயலாளர் கொர்னேலியா காப் என்ற இளம்பெண் அமெரிக்கர் பக்கம் ஓடிவிட்டார். (அவருடைய அப்பா இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஜெர்மன் தூதரக அதிகாரியாக இருந்தவர்.) அதற்குள் பாஸ்னா கடையைக் கட்டியிருந்தார். தூதர் பின்னாளில் கண்டனம் வாங்கினார். அதற்கு முன்பே பிரஸ்ஸல்ஸுக்குத் தூதராகப் போய்விட்டார், அதாவது இன்னொரு நல்ல பதவி. 1949-ல் சுயசரிதை எழுதினார், அதில் சிசரோ பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாஸ்னாவுக்கு ரியோவும் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. துருக்கியிலேயே பர்சாவில் ஒரு பெரிய ஹோட்டல் கட்டத் தொடங்கினார். பாதியில் நோட்டு போலி என்று தெரிந்தது. பணம் கொடுத்தவர்களெல்லாம் கழுத்தைப் பிடித்தார்கள். பாட்டு சொல்லிக் கொடுத்தும் பழைய கார் விற்றும் கடனடைத்தார். மேற்கு ஜெர்மனி அரசுக்கு, உங்கள் நாட்டுக்கு நான் செய்த வேலைக்கு நல்ல பணத்தில் கூலி கொடுங்கள் என்று மனுப்போட்டார். ஹிட்லரின் உளவாளிக்கு ஆதினாவர் அரசு எதற்குக் காசு கொடுக்கப் போகிறது? மறுத்துவிட்டார்கள். 1962-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். அதில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். தன் தகப்பனாரை இங்கிலீஷ்காரன் சுட்டுக்கொன்றான், அதனால்தான் பழிவாங்க வந்தேன் என்று மொய்ஸிஷிடம் அவர் சொல்லியிருந்தது சுத்தப் பொய். அப்பா படுக்கையில் நிம்மதியாகத்தான் இறந்தாராம். ஜெர்மன்காரர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கொடுத்தார். பணத்துக்காக என்று சொன்னால் அவர்களுக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. 1970 டிசம்பரில் ம்யூனிக்கில் இறந்தார். கடைசியில் பார்த்த வேலை, இரவுக் காவல்.

படம் 108 நிமிஷம். குழந்தைகளோடு தாராளமாகப் பார்க்கலாம், ஒரு முத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை. தேடும்போது பெயரை எழுத்தில் போடாமல் '5' என்று எண்ணில் போட்டுத் தேடுங்கள், அப்போதுதான் சரியான படம் வரும். பெர்னார்ட் ஹெர்மனின் இசையை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், எட்டு வருஷம் கழித்து 'சைக்கோ'வுக்கு இசையமைத்த அதே ஆள். வாக்குவம் கிளீனர் காட்சி வரும்போது டீ போட எழுந்து போய்விடாதீர்கள்.